குடல் ஆபரேஷனா? படுத்தே கிடக்க வேண்டாம்!



உசிலம்பட்டி, மேலூர் பக்கம் குழுக் கூட்டங்களில் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "வயித்தைக் கிழிச்சுட்டா அப்புறம் களை எடுக்கப் போக முடியுமா மேடம்?" இந்தப் பயத்தினாலேயே மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்து விடுகிறோம். ரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் பழக்கம் மாறினாலோ, காரணமில்லாமல் ரத்தசோகை வந்து எடை குறைந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். மூலமா, குடல் கட்டியா என்று டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

குடல் புற்றுநோய்க்கு முக்கிய வைத்தியம் ஆபரேஷன். இப்போது பலருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்தபடியே கட்டி இருக்கும் குடலை வெட்டுவார்கள். அதை வெளியே எடுக்க மட்டும் சின்னதாகக் கிழிப்பார்கள். நம் மாநிலத்தில் இந்த முறையை வளர்த்தவர்களில் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர். "சின்ன ஓட்டை வழியா நோயை முழுசா எடுக்க முடியுமா?" என்ற சந்தேகம் டாக்டர்களுக்கே இருந்தது. அமெரிக்கா, கனடாவில் 872 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிட இவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பவில்லை. வலி மாத்திரை குறைந்தது, ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. கட்டி பெரிதாக இருந்தாலோ, குடல் அடைத்திருந்தாலோ திறந்துதான் செய்ய வேண்டி வரலாம். அதற்காக மனசு விடாதீர்கள். டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலெட் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றைத் திறந்து குடல் ஆபரேஷன் செய்தவர்களில் பெரும்பாலோர் இரண்டே நாளில் வீடு திரும்பினார்கள். காரணம் கத்தி இல்லை, கவனிப்பு. நம்ம ஊரில் அத்தனை சீக்கிரம் அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தக் கவனிப்பில் பாதிக்குக் காசே தேவையில்லை.

ஆபரேஷன் தேதி குறித்த அன்றே வேலை ஆரம்பிக்கிறது. ரத்தசோகைக்கு மருந்து, தினமும் முட்டை, பருப்பு, கொஞ்சம் நடை. வெற்றிலையோடு போடும் புகையிலையை அன்றே விட வேண்டும். முன்னாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் கூடாது என்பது பழைய முறை. இப்போது பலருக்கு மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் அனுமதிக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, மயக்க டாக்டர் சொன்ன நேரம்தான் நேரம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு துணைக்கு இருப்பவர் நாம்தானே! "தையல் பிரிஞ்சிடும், அசையாதே" என்று தடுப்பது நாம்தான். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், குடலும் சோம்பிக் கிடக்கும். "எப்போ உட்கார வைக்கலாம்? எப்போ தண்ணி கொடுக்கலாம்? சிறுநீர் டியூபை எப்போ எடுப்பீங்க?" என்று நர்சம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பலருக்கு அன்றைக்கோ மறுநாளோ பதில் "இப்பவே" என்றுதான் வரும். வலி இருந்தால் மருந்து கேளுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவர் நடக்க மாட்டார்.

செலவுக்குக் கந்து வட்டிக்காரரிடம் ஓடுவதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையும் பாலரெங்காபுரம் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. விவரத்துக்கு 104-க்குப் போன் செய்யலாம்.

சீக்கிரம் வீட்டுக்கு வந்தவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உள்ளே குடலைச் சேர்த்துத் தைத்த இடம் சில நாள் கழித்தும் கசியலாம். காய்ச்சல், வயிறு உப்பி வலி கூடுவது, நிற்காத வாந்தி, புண்ணில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் இதில் எது வந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். ராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள்.