தொட்டிப் பைன் கன்றுகளில் ஊசியிலைக் கோளாறுகள்: காரணம் அறியும் முறை

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் பைன் மரங்கள் நன்கு வளர்கின்றன. பைன் கன்றுகளைத் தொட்டியில் வளர்த்து, போன்சாய் எனப்படும் குட்டை மரங்களாக உருவாக்குவது மலைப்பகுதி நாற்றங்கால் வைத்திருப்போருக்கு ஒரு துணைத் தொழிலாக அமையக் கூடும். ஆனால் இதில் பலன் உடனே கிட்டுவதில்லை. விதையிட்டுப் பல ஆண்டுகள் பேணிய பின்னரே கன்றுக்கு ஓர் உருவம் வருகிறது. எனவே ஒரு கன்று காய்ந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் அதனுடன் போய்விடுகிறது.

ஊசியிலை பழுப்பதைக் கண்டதும் பலர் செய்வது என்ன? அதிகமாக நீர் ஊற்றுகின்றனர், உரமிடுகின்றனர், மருந்து தெளிக்கின்றனர், மண்ணையும் மாற்றிவிடுகின்றனர். இவை அனைத்தும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. கோளாறினால் சாகும் கன்றுகளோடு, அவசர வைத்தியத்தால் சாகும் கன்றுகளும் உண்டு. ஆகவே முதலில் காரணத்தை அறிதல் வேண்டும்.

பைன் தாமதமாகவே அறிகுறி காட்டும்

தக்காளி, கத்தரிச் செடிகளுக்கு நீர் குறைந்தால் அன்று மாலையே இலை துவண்டுவிடும். பைன் அவ்வாறன்று. அதன் இலை ஊசி போல் மெலிந்து, தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் கொண்டது. வேர் அழுகிய பின்னரும் ஊசிகள் சில வாரங்கள் வரை பசுமையாகவே இருக்கும். இன்று நாம் காணும் பழுப்பு, சில வாரங்களுக்கு முன் நேர்ந்த தவற்றின் விளைவாக இருக்கலாம். எனவே மண் மாற்றிய நாள், கம்பி சுற்றிய நாள், உரமிட்ட நாள், தொட்டியை இடம் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தல் மிகவும் அவசியம். நோய் அறிவதில் பாதி வேலையை இந்த நோட்டே செய்துவிடும்.

நோயல்லாத மாற்றங்கள்

கீழ்க்கண்ட மூன்றும் இயற்கையானவை. இவற்றிற்கு வைத்தியம் தேவையில்லை.

1. விதையிலிருந்து வந்த கன்றில் முதலில் தோன்றும் ஊசிகள் தனித்தனியாக, சற்றே நீலம் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். பின்னரே கொத்து ஊசிகள் வரும். ஜப்பானியக் கறுப்புப் பைனில் கொத்துக்கு இரண்டு, பாட்டுலா, கேசியா, இமயமலைச் சீர் பைன் ஆகியவற்றில் பெரும்பாலும் மூன்று, ஜப்பானிய வெள்ளைப் பைனில் ஐந்து என ஊசிகள் அமையும். கொத்து ஊசிகள் வந்ததும் முதல் ஊசிகள் கீழிருந்து மேலாகக் காய்ந்து உதிரும்.

2. பைன் என்றும் பசுமையான மரமாயினும் ஒவ்வோர் ஊசிக்கும் ஆயுள் உண்டு. பல இனங்களில் இது இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். வயது முடிந்த ஊசிகள் கிளையின் உட்பகுதியில் ஒரே சீராக மஞ்சளாகி உதிரும். கிளை நுனியிலுள்ள ஊசிகள் பசுமையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

3. நீலகிரியில் அதிகம் காணப்படும் பாட்டுலா, மெக்சிகோ நாட்டு இனம். இதன் ஊசிகள் 15 முதல் 25 செ.மீ. நீளம் வரை வளர்ந்து இயல்பாகவே கீழ்நோக்கித் தொங்கும். இதை வாட்டம் எனக் கருதி நீர் ஊற்றலாகாது.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: பாதிப்பு எவ்வளவு தூரம் பரவியுள்ளது?

கன்று முழுவதும் வெளிறினால் வேரையும் மண்ணையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு கிளை மட்டும் பழுத்தால் அக்கிளையிலேயே காரணம் இருக்கும். கம்பி இறுகிப் பட்டையில் பதிந்துள்ளதா, வளைக்கும்போது கிளை உள்ளே பிளந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருகினால் அப்பக்கம் வெயில் தாக்கும் சுவரோ, காய்ந்த காற்றோ, உறைபனியோ உள்ளதா எனக் காண்க. உதகையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனி, சிறு தொட்டியிலுள்ள வேரையும் தாக்கக் கூடும்.

இரண்டாம் கேள்வி: பாதித்தவை பழைய ஊசிகளா, புதிய ஊசிகளா?

பழைய ஊசிகள் முதலில் வெளிறி, பின் கன்று முழுவதுமே மங்கினால் தழைச்சத்துக் குறைவு. பழைய ஊசிகளின் நுனி மட்டும் பொன் மஞ்சளாகி அடிப்பகுதி பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம். ஊசிகள் ஊதா நிறம் பெற்று வளர்ச்சி குன்றினால் மணிச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். ஆனால் சில இனங்களில் குளிர்காலத்திலும் இந்நிறம் வருவதுண்டு.

இதற்கு மாறாக, பழையவை பச்சையாக இருக்க, புதிய ஊசிகள் மட்டும் வெளிர் மஞ்சளாக வந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்பது பொருள். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரால் மண் காரத்தன்மை அடைந்து வேர் அதை எடுக்க இயலாமற் போகிறது. பைனுக்கு ஏற்ற கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை.

மூன்றாம் கேள்வி: ஊசியின் எப்பகுதியில் என்ன குறி உள்ளது?

எல்லா ஊசிகளின் நுனியும் ஒரே அளவில் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் உரமோ உப்பு நீரோ மிகையாகிவிட்டது. ஊசிகள் பொடிப் புள்ளிகளுடன் சாம்பல் பூத்தாற்போல் மங்கினால் செஞ்சிலந்திப் பேனாக இருக்கலாம். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுக. தாளில் விழுந்த பொடிகளில் சில ஊர்ந்தால் ஐயமில்லை. ஊசியின் அடியில் பஞ்சு போலவோ, அசையாத வெண் செதில் போலவோ ஒட்டியிருந்தால் அவை சாறு உறிஞ்சும் பூச்சிகள்.

ஊசியின் குறுக்கே செம்பழுப்பு நிற வளையங்கள் தோன்றி, அவற்றிற்கு மேல் நுனி காய்ந்து, அடிப்பகுதி பச்சையாக நின்றால் அது டோத்திஸ்ட்ரோமா எனும் பூசண நோய். மழையும் மூடுபனியும் நீடிக்கும் காலத்தில் கீழ்க்கிளைகளில் தொடங்கும். 1960-களில் கென்யாவில் ரேடியேட்டா பைன் நடுவதையே கைவிடும்படி செய்தது இந்நோய். நியூசிலாந்தில் 1964-ஆம் ஆண்டு காணப்பட்டு, பின்னர் விமானம் மூலம் தாமிர மருந்து தெளிக்கப்பட்டது. பாட்டுலா இனம் இதை ஓரளவு தாங்குகிறது.

நான்காம் கேள்வி: வேர் எப்படி உள்ளது?

முதல் மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிட்டாவிடில் மட்டுமே இதைச் செய்க. ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் அடி ஈரம் தெரியும். மேல் மண் காய்ந்தும் அடி சேறாக இருப்பதுண்டு. பின்னர் மண்கட்டி உடையாமல் கன்றைத் தொட்டியிலிருந்து மெல்லத் தூக்கிப் பார்க்கவும். நல்ல வேர் உறுதியாகவும் நுனி வெளிறியும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, துர்நாற்றம் வீசும். விரலால் இழுத்தால் மேல்தோல் உறை போல் கழன்று, நடு நரம்பு மட்டும் கையில் நிற்கும்.

வேரைச் சுற்றி வெள்ளை நூல் போன்ற பூசணம் படர்ந்திருந்தால் அதை நோய் என்று எண்ணிக் கழுவிவிடக் கூடாது. இது வேருடன் கூடி வாழும் நன்மை தரும் பூசணம். நீரையும் மணிச்சத்தையும் வேருக்குச் சேர்ப்பது இதுவே. பைன் வளராத இடங்களில் புதிதாக நாற்றங்கால் அமைப்போர், பழைய பைன் தோப்பின் மண்ணைச் சிறிது கொண்டுவந்து கலப்பது இதற்காகத்தான்.

பரிகாரங்கள்

வேர் அழுகல்: நீரை நிறுத்தி, தொட்டியைச் சாய்த்து வைத்து வடிய விடவும். கறுத்த வேரை மட்டும் நறுக்கி, பருமணலும் சலித்த செங்கல் துகளும் இரண்டு பங்கு, மக்கிய இலைமண் ஒரு பங்கு கலந்த கலவையில் நடவும். நல்ல வேரைச் சுற்றியுள்ள பழைய மண்ணில் ஒரு பகுதியை அப்படியே விடவும். புது வளர்ச்சி தோன்றும் வரை உரம் கூடாது.

இரும்புக் குறைவு: மழை நீரைச் சேமித்து ஊற்றுவதே நிலையான தீர்வு. உடனடி உதவிக்கு லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி கரைத்து மண்ணில் ஊற்றலாம்.

உப்பு மிகுதி: நல்ல நீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும்படி இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பைக் கழுவி இறக்கவும்.

செஞ்சிலந்தி, சாறுண்ணிகள்: ஊசிகளின் மீது விசையுடன் நீர் பீய்ச்சுவதை நான்கு நாள் இடைவெளியில் மும்முறை செய்க. குறையாவிடில் லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலை வேளையில் தெளிக்கவும்.

பூசண நோய்: உதிர்ந்த ஊசிகளைப் பொறுக்கி எரிக்கவும். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் காற்றோட்டம் தரவும். இலை மீது நீர் விழாமல் மண்ணுக்கு மட்டும் ஊற்றவும். புது ஊசிகள் வெளிவரும்போது ஒரு முறையும், மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் தாமிர ஆக்ஸி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் தெளிக்கவும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பழுத்த ஊசி மீண்டும் பச்சையாகாது. எனவே வைத்தியம் பலித்ததா என்பதைப் பழைய ஊசியைக் கொண்டு அறிய இயலாது. நுனி மொட்டைப் பாருங்கள். அது உறுதியாக இருந்து, பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருக்கலாம்.

ஆல், அத்தி, புளி போன்றவை மொட்டையாக்கப்பட்டாலும் பழைய கிளையில் துளிர்க்கும். பெரும்பாலான பைன் இனங்கள் அவ்வாறு துளிர்ப்பதில்லை. ஊசி முழுவதும் இழந்த கிளை அநேகமாகப் போனது போலத்தான். ஆதலால் நலிந்த கன்றில் ஊசி கிள்ளுதல், கிளை வெட்டுதல், கம்பி சுற்றுதல் ஆகியவற்றை அவ்வாண்டு அறவே நிறுத்திவிட வேண்டும். வீட்டினுள் அழகுக்காக வைக்கப்படும் கன்று ஒளியின்றி நீண்ட, வெளிறிய ஊசிகளைத் தரும். பைனுக்குத் திறந்த வெளியும் நல்ல வெயிலும் தேவை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, மூன்று நான்கு வாரங்கள் கவனித்து, அதன் பின்னரே அடுத்ததைச் செய்ய வேண்டும். அப்போதுதான் எது உதவியது என்பது விளங்கும். பத்துக் கன்றுகளில் ஒன்று காய்ந்தாலும், அதன் காரணம் தெரிந்துவிட்டால் மீதி ஒன்பதைக் காப்பாற்றிவிடலாம்.