கோழிக்கூட்டையும் நெற்களஞ்சியத்தையும் எலிகளிடமிருந்து காத்தல்

பெரும்போக அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும், அங்கே வளை தோண்டி வாழ்ந்த எலிகள் உணவு தேடி வளவை நோக்கி நகர்கின்றன. வளவில் நெற்களஞ்சியமும் கோழிக்கூடும் அருகருகே இருப்பின், உணவும் உறைவிடமும் அவற்றுக்கு ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. கமக்காரர் இவ்வேளையில் விழிப்பாய் இராவிடின், வயலில் தப்பிய நெல் வீட்டில் அழியும்.

நட்டத்தின் அளவு

வளர்ந்த எலியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிறாம் தானியம் உண்ணும். பத்து எலிகள் 6 மாதத்தில் 36 கிலோகிறாம் நெல்லை உண்டுவிடும். ஓர் ஏக்கரில் வீசி விதைப்பதற்கு வேண்டிய 2 புசல் விதைநெல்லுக்கு இது சற்றே குறைவாகும். இதனையன்றி, எச்சத்தாலும் சிறுநீராலும் பழுதாகும் நெல்லும், கிழிபடும் சாக்குகளும், களவுபோகும் முட்டைகளும் குஞ்சுகளும் உள.

எலி சூலுற்று 3 வாரமளவில் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் 6 முதல் 10 வரை குட்டிகள் பிறக்கலாம். அவை 3 மாதமளவில் தாமும் பெருகத் தொடங்கும். ஆகவே, ஓரிரு எலிகள்தாமே எனப் பொறுத்திருத்தல் தகாது.

எலி வாழும் வளையை அறிதல்

பகலில் எலியைக் காணாமை, எலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. காணப்படும் வளைகளின் வாயை மாலையில் மண்ணிட்டு மூடுக. மறுநாட் காலையில் திறந்திருப்பவை எலி வாழும் வளைகளாகும்.

1. இரவு உணவை நிறுத்துதல்

எல்லா முறைகளிலும் இதுவே முதன்மையானது. தீன் கிடைக்கும்வரை பொறியும் நஞ்சும் சிறிதே பயன்தரும். கோழிகள் உண்டு எஞ்சிய தீனை மாலையில் அகற்றி, மூடியுள்ள தகரப் பீப்பாவில் இடுதல் வேண்டும். சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுக. முட்டைகளைப் பொழுது சாயுமுன் எடுத்துவிடுக. கிடுகு, விறகு, வைக்கோல் ஆகியவற்றைச் சுவரோரத்தில் குவித்தலாகாது. கூரைமேற் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுக. வீட்டெலி மரமேறுவதில் வல்லது.

2. வழியை அடைத்தல்

அரை அங்குல இடைவெளியில் எலியும், கால் அங்குல இடைவெளியில் சுண்டெலியும் நுழைந்துவிடும். சாதாரணக் கோழிவலை கோழியைத் தடுக்குமேயன்றி எலியைத் தடுக்காது. ஆகையால் கூட்டின் அடிப்பாகத்திற்குக் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை அடித்து, அதனை 1 அடி ஆழம் புதைத்து, அடிமுனையை வெளிப்புறமாக வளைத்துவிடுதல் நன்று. களஞ்சியத்தை 3 அடி உயரக் கால்களின்மேல் அமைத்து, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போலத் தகரம் பொருத்துக. ஏணியை இரவில் அகற்றிவிடுக.

3. பொறி வைத்தல்

எலி புதுப்பொருளை ஐயுறும். ஆதலால் பொறியை விசையேற்றாமல், சுட்ட தேங்காய்த் துண்டு அல்லது கருவாடு வைத்து, சில நாட்கள் விட்டு, எலி அச்சமின்றி உண்ணப் பழகியபின் விசையேற்றுதல் வேண்டும். எலி சுவரை ஒட்டியே ஓடுமாதலால், பொறியின் இரையுள்ள முனை சுவரைத் தொட வைத்தல் வேண்டும். கோழியும் குழந்தையும் அணுகாதபடி அதனைப் பெட்டியால் மறைக்க.

4. நஞ்சும் எச்சரிக்கையும்

நஞ்சு கடைசி வழியே. கோழி நுழைய முடியாத மூடிய பெட்டியிலன்றி அதனை வைத்தலாகாது. நஞ்சுண்டு இறந்த எலியைக் கொத்தும் கோழியும், தின்னும் நாய் பூனைகளும் மடியக்கூடும். தக்க மருந்தையும் அளவையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. ஆந்தையும் சாரைப்பாம்பும் எலியை உண்பன. அவற்றைக் கொல்லாதிருத்தல் நன்று.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் உடலிலுள்ள கீறல் வழியாக நோயைப் புகுத்தும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயினர். இறந்த எலியை வெறுங்கையால் தொடாது ஆழப் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. வயல்வேலை செய்தவருக்குக் கடுங்காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

ஒரு வளவில் மட்டும் முயன்றால் அயல்வளவு எலிகள் மீண்டும் வரும். அயலவர் ஒன்றுகூடி, அறுவடை முடிந்த வாரத்திலேயே இம்முயற்சியைத் தொடங்கின், அடுத்த போகத்திற்கான விதைநெல் குறைவின்றி நிலைக்கும்.