மருந்தும் மெய்க்காவலும்

அரியலூரினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது திருமானூர். அவ்வூரில் உழவர் ஒருவர் காலில் அரிவாள் பட்டுப் புண் சீழ்க்கொண்டது எனக் கொள்க. மருத்துவர் ‘625’ என்னும் மாத்திரைகளை ஏழு நாளைக்கு எழுதித் தந்தார். நான்காம் நாள் வலி தணிந்தது. எஞ்சியவை மாடக்குழியை அடைந்தன. அடைமழைக் காலத்தில் மகளுக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. தாயின் கை மாடக்குழியை நாடிற்று.

அம்மாத்திரையினுள் இருப்பவை இரண்டு: அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். முன்னது பெனிசிலின் இனத்தைச் சேர்ந்தது. நோய்க்கிருமி தன் சுவரைக் கட்டவொட்டாது தடுத்து மாய்ப்பது. கிருமிகளோ வாளா இருப்பன அல்ல. அவற்றுள் சில, ஒருவகை நொதியைச் சுரந்து மருந்தையே சிதைத்துவிடும். இந்நொதியை ஆக்ஸ்போர்டில் ஏபிரகாம், செயின் என்னும் அறிஞர் இருவர் 1940-இல் கண்டறிந்தனர். பெனிசிலின் மக்களிடையே பரவுமுன்னரே அதன் பகை வெளிப்பட்டது வியப்பன்றோ! கிளவுலானிக் அமிலம் கிருமியைக் கொல்லும் வலிமை மிகக் குறைந்தது. ஆயினும் அந்நொதியைப் பற்றிக்கொண்டு, தானும் அழிந்து, அதனையும் செயலறச் செய்கிறது. தலைவனுக்காக உயிர்விடும் மெய்க்காவலன் போன்றது அது. இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரை 1981-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

‘625’ கிடைக்காவிடில் ‘375’ இரண்டை விழுங்கினால் ஆயிற்று என்பாரும் உளர். ‘375’-இலும் காவலன் 125 மில்லிகிராமே; ஆதலின் இரண்டை உண்டால் அவ்வமிலம் இருமடங்காகி வயிற்றுப்போக்கு மிகும். உணவின் தொடக்கத்தில் உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். பெனிசிலின் ஒவ்வாதார்க்கும், முன்பு இம்மருந்தால் மஞ்சட்காமாலை கண்டார்க்கும் இது ஆகாது. ஒவ்வாமை சிலருக்கு உயிர்க்கே இறுதி தரும். மருத்துவர் சீட்டின்றி இதனை விற்றல் இந்தியச் சட்டப்படி குற்றம். அட்டையிலுள்ள செங்கோடு அதனை நினைவூட்டுவது.

மகளின் சளியோ பெரும்பாலும் வைரசால் வருவது. வைரசுக்குத் தகர்த்தற்குரிய அத்தகைய சுவரே இல்லை. மாத்திரை அதனைத் தீண்டாது. குடலில் வாழும் கிருமிகளையே தாக்கும். அவற்றுள் வலியன பிழைத்துப் பெருகும்.

பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டை நோவுற்ற ஒருவன் தானே மருந்து வாங்கிக் குறைவாக உண்டான். சாகாத கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகின. அவனிடமிருந்து அவை மனைவியைப் பற்றின. அவளுக்கு நுரையீரல் அழற்சி கண்டது. மருத்துவர் பெனிசிலின் கொடுத்தார். அது பயன் தரவில்லை, அவள் இறந்தாள்.