பழைய வழியை அடைக்கும் முன்



மின்னஞ்சலைப் பற்றி எழுத ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். டிப்ளமோ படித்து, ரயில்வேயின் மின்பாதைப் பிரிவில் பணியாற்றி 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். நடந்துகொண்டிருக்கும் ஓர் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறுவது எப்படி என்பது நாங்கள் வேலையில் கற்ற பாடம். அது அலுவலகங்களுக்கும் தேவை என்பதை ஐரோலியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது.

2022 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். எங்கள் குடியிருப்பில் வசிக்கும் நெல்லைக்காரர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார். தானே-பேலாப்பூர் சாலையில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்கர். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன.

"அண்ணாச்சி, மூணு நாளா மெயில் திறக்க மாட்டேங்கு. பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. சரியாத்தான் போடுதேன். எனக்குத்தான் மறதி வந்துட்டோன்னு பயமா இருக்கு. முதலாளிகிட்ட இன்னும் சொல்லல."

மறுநாள் அவருடன் சென்று பார்த்தேன். அவர் கணிப்பொறியில் இருந்தது அவுட்லுக் 2010. குறை அவர் நினைவிலும் இல்லை, பாஸ்வேர்டிலும் இல்லை. அவர் பழகிய வழியையே மூடிவிட்டார்கள்.

அது என்ன வழி? பழைய முறையில், மின்னஞ்சல் மென்பொருள் நம் பெயரையும் பாஸ்வேர்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சர்வருக்கு அனுப்பும். அந்தப் பாஸ்வேர்டைத் திருடியவனுக்கோ ஊகித்தவனுக்கோ எல்லாம் திறந்துவிடும். கைப்பேசி வழியாக இரண்டாவது சான்று கேட்கவும் அம்முறையில் இடமில்லை. புதிய முறையில், நாம் சர்வரின் பக்கத்திலேயே நம்மை மெய்ப்பிக்கிறோம். அது மென்பொருளுக்கு ஒரு டோக்கன் தருகிறது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஓட்டுநர் கையில் டோக்கன் கொடுத்து வண்டியை அனுப்பிய காலம் சிலருக்கு நினைவிருக்கும். அந்த டோக்கன் அந்தப் பகுதிக்கு மட்டுமே செல்லும். இதுவும் அப்படியே, குறித்த வேலைக்கு, குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லும். அவுட்லுக் 2010-க்கு இந்த டோக்கனை வாங்கத் தெரியாது.

ஆகவே மாற்றம் நியாயமானதே. அவகாசமும் குறைவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் இதை 2019 செப்டம்பரிலேயே அறிவித்தது. முதலில் குறித்த நாள் 2020 அக்டோபர் 13. கொரோனாவால் அது தள்ளிப்போய், கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு வாடிக்கையாளராக மூடத் தொடங்கினார்கள். மூன்றாண்டு முன்னறிவிப்பு இருந்தும் நம் கணக்கர் ஏன் தவித்தார்?

அறிவிப்பு, கணிப்பொறிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருக்குத்தான் வந்தது. அவர் அதே ஆங்கிலக் கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத் தம் கடமை முடிந்தது என்றிருந்தார். கணக்கரும் படித்தார். அது தம்மைப் பற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் அனுபவத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்ரயில் 1,500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடியது. பின்னாளில் மும்பைப் பாதைகள் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறின. மேற்கு ரயில்வேயில் 2012-இலும், மத்திய ரயில்வேயின் முக்கியப் பாதையில் 2015-இலும், ஹார்பர் பாதையில் 2016-இலும் பணி முடிந்தது. இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து, பகுதி பகுதியாக மாற்றினார்கள். மின்கம்பியிலிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம் கூடியது. பழைய பழக்கத்தில் கை நீட்டினால் உயிர் போகும். ஆகவே நோட்டீசு ஒட்டியதோடு நாங்கள் நிற்கவில்லை. லைன்மேன் ஒவ்வொருவரையும் அழைத்து, புதிய விதியை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

அலுவலகத்தில் உயிர் போகாது. ஆனால் ஒரு மனிதரின் தன்னம்பிக்கை போகிறது. எனவே, மின்னஞ்சல் வசதி ஒன்று நிற்கப் போகிறது என்று தெரிந்தால் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும்.

ஒன்று: யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டும். எந்தக் கணக்கு எந்த முறையில் நுழைகிறது என்பது நிர்வாகியின் பதிவேட்டில் தெரியும். பழைய கைப்பேசிகளையும், பலர் சேர்ந்து பார்க்கும் அஞ்சல் பெட்டியையும் மறக்கக் கூடாது.

இரண்டு: அவரவர்க்குப் புரியும் மொழியில், "இந்த நாள் முதல் உங்கள் திரையில் இப்படித் தெரியும், அது உங்கள் தவறு அல்ல, இன்னாரிடம் சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். தமிழோ மராத்தியோ இந்தியோ, நான்கு வரி போதும்.

மூன்று: ஒத்திகை பார்க்க வேண்டும். கெடுவுக்கு முன்பே, வேலை குறைந்த ஒரு நாளில், இரண்டொருவருக்கு மட்டும் பழைய வழியை மூடிப் பாருங்கள். பட்டியலில் விட்டுப்போனது அன்றே வெளிப்படும்.

நான்கு: மாறிய வாரத்தில் ஒருவர் மேசை மேசையாகச் சென்று, "அஞ்சல் வருகிறதா?" என்று கேட்க வேண்டும். தானாக வந்து சொல்லாதவர்களே அதிகம்.

நம் கணக்கருடைய அஞ்சல் எதுவும் தொலையவில்லை. பிரவுசர் வழியாகத் திறந்தபோது மூன்று நாள் கடிதங்களும் அப்படியே இருந்தன. பின்னர் புதிய அவுட்லுக் போட்டுக் கொடுத்தார்கள். கடிதங்களைப் பார்த்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகல, அண்ணாச்சி" என்றார்.

அந்த மூன்று நாள் பயம் அவருக்குத் தேவையே இல்லாதது. உங்கள் அலுவலகத்தில் அடுத்த மாற்றம் வரும்போது, ஆங்கிலக் கடிதத்தை எல்லோருக்கும் தள்ளிவிடுவதற்கு முன், அதைப் படித்தும் புரிந்துகொள்ளாதவர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.