எக்ஸெல்லில் ஒரு பொய்க் கண்டுபிடிப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பில் வீட்டுக் கணக்குதான் போடுகிறார்கள். இன்று அதில் ஒரு "விஞ்ஞானக் கண்டுபிடிப்பு" செய்து பார்க்கலாம்.

ஏ1 செல்லில் சம அடையாளம் இட்டு, ஆங்கிலத்தில் ரேண்ட் என டைப் செய்து, பிராக்கெட்டைத் திறந்து மூடி என்டர் தட்டவும். 0க்கும் 1க்கும் இடையே ஏதோ ஓர் எண் வரும். இதனை ஏ20 வரை காப்பி செய்திடவும். முதல் 10 எண்கள் பாட்டுக் கேட்டவர்களின் மூளை அலை அளவுகள், அடுத்த 10 கேட்காதவர்களுடையவை என்று வைத்துக் கொள்வோம். ஏ22ல் டிடெஸ்ட் பங்ஷனை அமைத்து, பிராக்கெட்டுக்குள் ஏ1:ஏ10, ஏ11:ஏ20, 2, 2 எனத் தரவும். விடை 0.05க்குக் கீழே வந்தால் இரு குழுவுக்கும் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக் கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். வெறும் குலுக்கல் எண்களில் அப்படி வர வாய்ப்பு 20ல் 1தான்.

இப்போது இந்த நெட்டு வரிசை முழுவதையும் வலப்புறம் மேலும் 19 வரிசைகளுக்குக் காப்பி செய்து, எப்9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எண்கள் மாறும். 10 முறை அழுத்தினால் ஏறக்குறைய 6 முறை, எங்காவது ஒரு வரிசை 0.05க்குக் கீழ் இறங்கியிருக்கும். ஆவடியில் என் பெரியப்பாவிடம் இதைக் காட்டினேன். குலுக்கல் எண்கள் என்று சொன்ன பிறகும், "டேய், பதினாலாவது வரிசைல நிஜமாவே ஏதோ இருக்குடா" என்றார்!

மூளை அலை ஆய்விலும் இதே சிக்கல். தலையில் பல எலக்ட்ரோடுகள். ஒவ்வொன்றிலும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான அளவுகள். எந்த எலக்ட்ரோடு, எந்த மில்லி விநாடிகள் என்பதை முடிவைப் பார்த்த பின் தேர்ந்தெடுத்தால், இல்லாத வித்தியாசமும் கிடைத்துவிடும். ஸ்டீவன் லக், நிக்கோலஸ் காஸ்பெலின் இருவரும் 2017ல் இதனை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். யாரும் வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டியதில்லை.

இந்த அலைகள் நம் நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2008ல் புனேயில் ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை அளித்த தீர்ப்பில், மூளை அலைச் சோதனையும் சான்றாக ஏற்கப்பட்டது. அங்கே எண்களைப் பொறுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எந்த அலை வந்தால் "நினைவு இருக்கிறது" என்று கொள்வது என்ற அந்த முறையை வெளி ஆய்வாளர்கள் சரிபார்த்திருக்கவில்லை. பெங்களூரு நிமான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழு அதே ஆண்டில் அது அறிவியல் முறையல்ல என்றது. சம்மதமின்றி யாருக்கும் இத்தகைய சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5ல் தீர்ப்பளித்தது.

மீண்டும் எக்ஸெல்லுக்கு வருவோம். "5ஆவது வரிசை மட்டும்" என்று முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு எப்9 கீயை 100 முறை அழுத்தி, அந்த வரிசையை மட்டும் பாருங்கள். 5 முறைக்குப் பக்கத்தில்தான் 0.05க்குக் கீழ் வரும்.