பிடியைத் தளர்த்துங்கள், தண்ணீர் தாங்கும்

மூளை முடக்குவாதத்தால் தசை இறுகிய பிள்ளையை முதன்முதலில் குளத்தில் இறக்கும்போது பெற்றோர் அக்குளில் கைகொடுத்து இறுக்கிப் பிடிப்பார்கள். பிள்ளை கட்டைபோல விறைக்கும். “பாப்பாவுக்குத் தண்ணி ஒத்துக்கல” என்று கரையேறிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதது அந்தப் பிடிதான்.

1. வலிப்பு, ஆறாத புண், காதுப் பிரச்சினை, விழுங்குவதில் சிரமம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் உடன் இருக்கட்டும்.

2. தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். குளிர்ந்தால் இறுக்கம் கூடும்.

3. சாப்பிட்டவுடன் வேண்டாம். நீச்சல் டயப்பர் கட்டாயம்.

4. இதுதான் சிக்கலான இடம். முழங்காலை மடக்கி, உங்கள் தோள் தண்ணீருக்குள் போகும்வரை தாழுங்கள். பிள்ளையின் கண்ணும் உங்கள் கண்ணும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அதன் கைகள் உங்கள் தோள்மேல். உங்கள் உள்ளங்கைகள் அதன் முதுகுப்பட்டைக்குக் கீழே, தட்டு ஏந்துவதுபோல விரித்தபடி. விரலை மடக்காதீர்கள், மடக்கினால் அது பிடி. இப்போது மெல்லப் பின்னால் நடங்கள். உங்கள் முன்னே எழும் நீரோட்டமே பிள்ளையை இழுத்து வரும். உடம்பு தளர்ந்ததும் கைகளை ஒவ்வொரு அங்குலமாக இடுப்புப் பக்கம் இறக்குங்கள். அந்த அளவுக்கு உடம்பைத் தாங்கும் வேலை பிள்ளைக்குக் கூடும். தலை நிற்காத பிள்ளையென்றால் முதுகை உங்கள் மார்பில் சாய்த்து, தலையைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் டியூபை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1949இல் லண்டனின் ஹாலிவிக் பள்ளியில் மாற்றுத்திறனாளிச் சிறுமிகளுக்கு நீச்சல் கற்பித்த ஜேம்ஸ் மெக்மில்லனும் மிதவையைச் சேர்க்கவில்லை. மிதவை பிள்ளையை ஒரே நிலையில் நிறுத்திவிடும். சாய்ந்து, சமாளித்து, நிமிர்வதைக் கற்க விடாது.

5. ஊதச் சொல்லிக்கொடுங்கள். வாயருகே தண்ணீர் வந்தால் ஊதுவது பழக்கமாக வேண்டும். ஊதும்போது உள்ளிழுக்க முடியாது. வீட்டில் தட்டில் தண்ணீர் ஊற்றி, பிங்பாங் பந்தை ஊதித் தள்ளும் விளையாட்டு போதும். ஊத வராத பிள்ளை ‘ம்ம்ம்’ என்று முனகினாலும் சரி. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு முகம் நனையவே வேண்டாம்.

6. பிறகுதான் நடை. மார்பளவு தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கால்மேல் விழும். தரையில் நிற்காத கால் இங்கே நின்று பார்க்கும்.

7. இருபது நிமிடம் போதும். கரையேறும்போது எடை ஒரேயடியாகத் திரும்பும். கடைசிப் படியில் அரை நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். துண்டு கைக்கெட்டும் இடத்தில் விரித்திருக்கட்டும். பைக்குள் தேடிக்கொண்டிருந்தால் அந்த இருபது நிமிடமும் குளிரில் போய்விடும்.