வாயில்லா உயிர்களின் மெய்ப்பாடு

நுழையும்முன்

வீட்டில் வளரும் நாயும் பூனையும் தம்மை நேசிக்கின்றன என்பதில் அவற்றை வளர்ப்போர்க்கு ஐயம் எழுவதில்லை. உணவு கிடைக்கும் இடத்தைச் சுற்றி வருவதற்கு நேசம் என்று பெயரிடலாமா எனக் கேட்போரும் உளர். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இவ்வழக்கில், அண்மைக்கால ஆய்வுகள் அளித்துள்ள சான்றுகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிபுயா நிலையத்தில் ஒரு நாய்

ஜப்பான் நாட்டின் தலைநகரான டோக்கியோவில் சிபுயா என்னும் தொடர்வண்டி நிலையம் உள்ளது. அதன் வாயிலருகே அமர்ந்திருக்கும் நாயின் வெண்கலச் சிலையை நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்கின்றனர். அந்நாயின் பெயர் ஹச்சிகோ. அகிதா இனத்தைச் சேர்ந்த அது 1923ஆம் ஆண்டு பிறந்தது. அடுத்த ஆண்டே டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பேராசிரியர் உயெனோ ஹிதெசபுரோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பேராசிரியர் வீடு திரும்பும் நேரத்தில் நிலையத்திற்குச் சென்று அவரை எதிர்கொள்வது அதன் வழக்கமாயிற்று.

1925ஆம் ஆண்டு மே மாதம் பணிக்குச் சென்ற இடத்திலேயே பேராசிரியர் மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் இறந்தார். நாயோ நிலையத்திற்கு வருவதை நிறுத்தவில்லை. 1935ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இறக்கும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அது வந்துகொண்டே இருந்தது. அவரோடு அது வாழ்ந்த காலம் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு என்பதை எண்ணும்போது இக்காத்திருப்பின் நீளம் விளங்கும். அது உயிரோடிருந்தபோதே, 1934இல், அதற்குச் சிலை எழுப்பப்பட்டது.

இந்நிகழ்ச்சிக்கு மற்றொரு விளக்கமும் உண்டு. நிலையத்திற்கு வருவோரும் அருகில் கடை வைத்திருந்தோரும் ஹச்சிகோவுக்குத் தின்பண்டங்கள் அளித்தனர். இறந்தபின் அதன் உடலைச் சோதித்தபோது, இறைச்சி கோத்துச் சுடும் குச்சிகள் இரைப்பையில் காணப்பட்டன. அது காத்திருந்தது பேராசிரியருக்காக அன்று, சுட்ட இறைச்சிக்காகவே என்று சிலர் கூறினர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கூற்றன்று இது. ஒரே செயலை அன்பு என்றும் பசி என்றும் படிக்க முடியுமாயின், எது சரியான படிப்பு என்பதை எவ்வாறு முடிவு செய்வது?

பொறியா, உயிரா?

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டெகார்ட் விலங்குகளை நுட்பமான பொறிகளுக்கு ஒப்பிட்டார். கடிகாரம் மணியடிப்பதற்கு அதனுள்ளே எண்ணம் தேவையில்லை. அதுபோல் நாய் குரைப்பதற்கும் உள்ளே ஓர் உள்ளம் தேவையில்லை என்பது அவர்வழி வந்தோரின் கருத்து. ஆய்வுக்கூடங்களில் உயிருள்ள விலங்குகளை அறுத்துப் பார்த்தோருக்கு இக்கருத்து மனச்சான்றின் உறுத்தலின்றிப் பணிபுரிய வசதியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான பார்வையை 1872இல் வெளிவந்த தம் நூலில் முன்வைத்தவர் சார்லஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறையை ஆராய்ந்த அந்நூலில் அவர் தம் வீட்டு நாயின் கதை ஒன்றைச் சேர்த்துள்ளார். உலாவச் செல்வதென்றால் அந்நாய்க்குப் பெருமகிழ்ச்சி. டார்வினின் முன்னே தலைநிமிர்ந்து, வாலை உயர்த்தி நடக்கும். வழியில் அவர் செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டின் பக்கம் திரும்பிவிட்டால் உலா தடைப்படும் என்பது அதற்குத் தெரியும். அந்நொடியே தலை தாழும், காதும் வாலும் தொங்கும், முகம் வாடும். அவ்வாடிய முகத்திற்குக் ‘கண்ணாடி வீட்டு முகம்’ என்றே வீட்டார் பெயர் வைத்துவிட்டனர். விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவில் உள்ளதேயன்றி வகையில் உள்ளதன்று என்பது டார்வினின் துணிபு.

ஆயினும், நாய் வளர்ப்போர் சொல்லும் கதைகளையெல்லாம் சான்றாகக் கொண்டால் அறிவியல் நிலைபெறாது. இதை உணர்த்தியவர் லாயிட் மார்கன் என்னும் உளவியலறிஞர். அவருடைய நாய் டோனி, தோட்டக் கதவின் கொண்டியைத் தலையால் தூக்கித் திறந்து வெளியே செல்லும். கண்டோர் அதன் அறிவை வியந்தனர். மார்கனோ, அது கற்றுக்கொண்ட முறையைத் தொடக்கத்திலிருந்தே கவனித்தவர். கம்பிகளுக்கிடையே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கொண்டி தூக்கப்பட்டது. பலமுறை முயன்றபின் அச்செயல் பழக்கமாயிற்று. எளிய காரணம் ஒன்று போதுமாயிருக்க, உயர்ந்த காரணத்தை நாடக்கூடாது என்று 1894இல் அவர் வகுத்த நெறி இன்றும் இத்துறையில் காவல் நிற்கிறது.

குற்றவாளி முகம்

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு என்னும். தொல்காப்பியர் அதற்கெனத் தனி இயலே வகுத்தார். மரபியலில் மனிதரை ஆறறிவு உயிராகக் கூறியபின், அவ்வினத்தைச் சேர்ந்த பிறவும் உள என்று இடம் விட்டதும் அவரே. வாய்பேசாத உயிரின் உள்ளத்தை அறிய இன்றுவரை மெய்ப்பாடே முதல் வாயிலாக உள்ளது. அவ்வாயிலில் நுழைவோர் வழுக்கி விழுவதும் உண்டு.

வீட்டில் யாரும் இல்லாதபோது நாய் செருப்பைக் கடித்துக் குதறிவிடுகிறது. உரிமையாளர் திரும்பி வந்ததும் அது தலைகுனிந்து, காதுகளை மடக்கி, கண்ணை வேறுபுறம் திருப்பிக்கொண்டு வாலை ஒடுக்குகிறது. “செய்த குற்றம் அதற்கே தெரிகிறது, பாருங்கள்!” என்பர் வீட்டார். இந்நம்பிக்கையை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்.

அவர் 14 நாய்களைத் தேர்ந்துகொண்டார். ஒரு தின்பண்டத்தைக் காட்டி, ‘தின்னாதே’ என்று கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேறுவார். அவர் திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர் அவருக்குச் சொல்வார். அச்செய்தி சில வேளைகளில் மெய். சில வேளைகளில் வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய். தின்றது என்று கேட்ட உரிமையாளர் நாயைக் கடிந்துகொள்வார். முடிவு வியப்பளித்தது. நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் ‘குற்றவாளி முகத்திற்கும்’ தொடர்பே காணப்படவில்லை. கடிந்துகொள்ளப்பட்ட நாய்களே அம்முகத்தைக் காட்டின. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது மிகுதியாக வெளிப்பட்டது.

அம்முகத்தில் உணர்வே இல்லை என்பது இதன் பொருளன்று. உணர்வு உண்டு, அதற்குப் பெயர் வைத்தவர் தவறிவிட்டார். குற்றவுணர்வு என்று கருதப்பட்டது, சினந்து நிற்பவர்முன் எழும் அச்சமாகவும் பணிவாகவும் இருக்கலாம். பெயர் தவறினால் விளைவும் தவறும். ‘தெரிந்தே செய்தது’ என்று எண்ணி அடிப்பவர், அஞ்சி ஒடுங்கும் உயிரை மேலும் அஞ்சச் செய்கிறார். செருப்பு கடிபட்டு நெடுநேரம் ஆன பின்னர் விழும் அடிக்கும் அச்செருப்புக்கும் உள்ள தொடர்பை நாய் அறிவதுமில்லை.

மூளை சொல்லும் சான்று

மெய்ப்பாடு மயக்கம் தரும் இடத்தில் உடலின் உள்ளே பார்க்க இயலுமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ் இதற்கு வழி கண்டார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் கிடந்தாலன்றி மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்க இயலாது. மயக்க மருந்து கொடுத்தால் நாய் அசையாது, உணர்வும் புலப்படாது. எனவே, கருவியின் பேரொலிக்குப் பழக்கி, தாமாகவே தலையை அசைக்காமல் படுத்திருக்க நாய்களுக்கு அவர் குழுவினர் பயிற்சி அளித்தனர். விரும்பாத நாய் எழுந்து போகலாம், கட்டிப்போடுவதில்லை. ஆய்வின் நுட்பத்தைவிட இவ்வுரிமையே பெருமைக்குரியது எனலாம்.

ஓர் ஆய்வில் 12 நாய்களுக்கு ஐவகை மணங்கள் காட்டப்பட்டன. அவற்றின் சொந்த மணம், பழகிய மனிதர், பழகாத மனிதர், பழகிய நாய், பழகாத நாய் ஆகியோரின் மணங்கள் அவை. மூளையில் காடேட் உட்கரு என்னும் பகுதி, விரும்பத்தக்க ஒன்று வரப்போகிறது என்னும் எதிர்பார்ப்போடு தொடர்புடையது. பழகிய மனிதரின் மணத்திற்கே அப்பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது. அம்மனிதர் அப்போது அவ்விடத்தில் இல்லை. உணவும் கையில் இல்லை. வெறும் மணமே போதுமானதாக இருந்தது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில் 15 நாய்களுக்கு ஒருபுறம் உணவும் மறுபுறம் உரிமையாளரின் பாராட்டும் வழங்கப்பட்டன. பாராட்டுக்கு எழுந்த கிளர்ச்சி, உணவுக்கு எழுந்ததற்கு நிகராகவோ மிகுதியாகவோ 13 நாய்களிடம் இருந்தது. எஞ்சிய இரண்டும் உணவின் பக்கமே நின்றன. மனிதருள்ளும் அத்தகையோர் இல்லாமல் இல்லை.

ஜப்பானில் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியில் சென்றனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை உண்டாக்கும் வேதிப்பொருள்களுள் ஒன்று ஆக்ஸிடோசின். தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் அது சுரக்கும். நாயும் அதன் உரிமையாளரும் நெடுநேரம் ஒருவரையொருவர் நோக்கியபோது, இருவரிடத்தும் அவ்வாறே அதன் அளவு உயர்ந்ததை 2015இல் அவர்கள் அறிவித்தனர். மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. எனவே, பல்லாயிரம் ஆண்டு உடன்வாழ்வில் தாய்சேய்ப் பிணைப்பின் பாதையிலேயே நாய் மனிதனின் வீட்டுக்குள் நுழைந்தது என அவர்கள் கருதுகின்றனர்.

பூனையின் வழக்கு

நாயின் பக்கம் சான்றுகள் குவிய, பூனைமீது மட்டும் பழைய குற்றச்சாட்டு நீடித்தது. பூனை வீட்டை நேசிக்கும், வீட்டாரை நேசிக்காது என்பது அக்குற்றச்சாட்டு. கட்டளைக்குப் பணிந்து அசையாமல் படுத்திருப்பது பூனையின் இயல்பன்று என்பதால் அதை ஆராய்வோர் தொகையும் குறைவாக இருந்தது.

குழந்தைகளின் பற்றுதலை அறிய உளவியலார் பயன்படுத்தும் முறையைத் தழுவி, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் பூனைகளைச் சோதித்தார். பழகாத அறையில் பூனைக்குட்டி இரண்டு நிமிடம் தன்னை வளர்ப்பவரோடு இருக்கும். அடுத்த இரண்டு நிமிடம் தனித்து விடப்படும். பின்னர் அவர் திரும்பி வருவார். திரும்பி வந்தவரிடம் சென்று சற்று ஒட்டிக்கொண்டு, மனம் தேறி, மீண்டும் அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கும் குட்டி, அவரை நம்பிக்கைக்குரிய புகலிடமாகக் கொண்டுள்ளது என்று பொருள். 2019இல் வெளியான முடிவின்படி 64.3 விழுக்காட்டுக் குட்டிகள் இவ்வகையின. மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. வளர்ந்த பூனைகளுக்குப் புகலிடமாக உரிமையாளர் தேவைப்படுவதில்லை என்று 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு கூறியிருந்தது. ஆகவே, பூனையின் வழக்கில் இறுதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதாகக் கொள்வதற்கில்லை.

பொறாமையைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 2014இல் வெளியான அதில் 36 நாய்களின் உரிமையாளர்கள், தம் நாயைப் பாராமல் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சினர். 78 விழுக்காட்டு நாய்கள் இடையே புகுந்து உரிமையாளரைத் தள்ளவோ தொடவோ செய்தன. அவர்கள் ஒரு புத்தகத்தை உரக்கப் படித்தபோது அவ்வாறு செய்தவை 22 விழுக்காடு மட்டுமே. இதைப் பொறாமை என்றே சொல்லிவிட மார்கனின் நெறி எளிதில் விடாது. ஆயினும், தனக்குரிய ஒருவரின் கவனம் பிறிதொன்றுக்குச் செல்வதைப் பொறாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

சட்டத்தின் கண்ணில்

விலங்குக்கு வலியும் துன்பமும் உண்டு என்பதை இந்தியச் சட்டம் இவ்வாய்வுகளுக்கு நெடுநாள் முன்னரே ஏற்றது. நாட்டியக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மணிதேவி அருண்டேல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து இதற்கு வித்திட்டார். அதன் தொடர்ச்சியாக 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. எப்போதும் கட்டிவைக்கப்படும் நாயை உரிமையாளர் போதிய அளவு நடமாட விடாமலிருப்பதும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றங்கள். குட்டியாக இருந்தபோது கொஞ்சி வளர்த்துவிட்டு, வீடு மாறும்போதோ நோயுற்றபோதோ தெருவில் விட்டுச் செல்வோர் பலர் இதை அறிவதில்லை. உரிமையாளரின் மணம் ஒன்றுக்கே மூளை கிளரும் உயிருக்கு அம்மணம் இல்லாமற் போவது எத்தகையது என்பதை அளக்க இன்னும் கருவி இல்லை.

மீண்டும் சிபுயா

ஹச்சிகோவின் இரைப்பையில் இருந்த குச்சிகளை மறைக்க வேண்டியதில்லை. நிலையத்தில் அதற்கு உணவு கிடைத்தது உண்மை. ஆனால், அதன் கதையை நாளிதழ் வெளியிட்டு மக்கள் அதைக் கொண்டாடத் தொடங்கியது 1932இல்தான். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நிலையப் பணியாளர்களாலும் சிறுவர்களாலும் அது தொல்லையும் விரட்டலும் பட்டதாகவே கூறுவர். பேராசிரியரின் தோட்டக்காரர் வீட்டில் அதற்கு உணவும் இருப்பிடமும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டே அது நிலையத்திற்கு வந்தது. பசி ஒன்றே காரணமென்றால் இவ்வேழு ஆண்டுகளுக்கு விளக்கம் தேட வேண்டும். இறப்பு என்பதை அந்நாய் அறிந்திருந்தது என்றோ, துயரத்தை மனிதரைப்போல் எண்ணிப் பார்த்தது என்றோ கூறச் சான்றில்லை. ஒருவர் வரும் நேரமும் வழியும் அதன் உடலில் பதிந்திருந்தன. அவர் வரவை அது விரும்பியது. அன்பு என்னும் சொல்லுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று டார்வின் கேட்டிருக்கக்கூடும். மார்கன் இன்னும் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பார்.

ஹச்சிகோ இறந்து 80 ஆண்டுகள் நிறைந்த 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம், உயெனோ பணியாற்றிய வேளாண்மைத் துறை வளாகத்தில் டோக்கியோ பல்கலைக்கழகம் மற்றொரு சிலையை நிறுவியது. சிபுயாவின் சிலை தனித்து அமர்ந்திருப்பது. இதிலோ இருவர் உள்ளனர். பேராசிரியர் முகம் மலர்ந்து குனிந்திருக்க, நாய் பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களை அவர்மேல் வைத்திருக்கிறது.